லிட்டருக்குப் பதினொன்று

மூன்றாவது தடவையாகப் போட்டுப் பார்த்தும் கணக்கு பத்து புள்ளி ஒன்று என்றுதான் வந்தது.

முதல் தடவை உள்ளங்கையில் போட்டார். இரண்டாவது தடவை நோட்டில். மூன்றாவது தடவை போனில். பங்க்கில் அவருக்குப் பின்னால் வரிசையில் நின்ற நான்கு வண்டிக்காரர்களும் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. டீசல் போடும் பெண் குழாயை மாட்டிவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"நல்லா நிரம்பிடுச்சா? நுரை அடங்கினா இன்னும் கொஞ்சம் பிடிக்கும் பாரும்மா."

"இதுக்கு மேல ஊத்தினா நீங்களும் நானும் டீசல்லதான் குளிக்கணும் சார்."

அவர் விடவில்லை. வண்டியின் பக்கவாட்டைப் பிடித்து நாலு குலுக்குக் குலுக்கி, டாங்க்கின் வாயில் கண்ணை வைத்துப் பார்த்தார். நிரம்பித்தான் இருந்தது. நேற்றும் இப்படித்தான் விளிம்பு வரை நிரப்பினார். இன்றைக்கு ஓடியது தொண்ணூறு கிலோமீட்டர். குடித்தது கிட்டத்தட்ட ஒன்பது லிட்டர். பதினான்கு வருஷமாக, படகை இழுத்துக்கொண்டு போனாலும் லிட்டருக்குப் பதினொன்று கொடுத்த வண்டி, மூன்று வாரமாகப் பத்தைத் தாண்ட மூச்சு வாங்குகிறது.

அந்த ஊரில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தொழில் படகு மோட்டார் ரிப்பேர். பட்டப்பெயர் மைலேஜ். யாரைப் பார்த்தாலும், 'சௌக்கியமா' என்பதற்கு முன்னால், 'உங்க வண்டி எவ்வளவு கொடுக்குது?' என்று கேட்டுவிடுவார். ஒருமுறை ஒரு துக்க வீட்டுக்குப் போனவர், பிணம் ஏற்ற வந்த வண்டியின் டிரைவரிடமும் அதையே கேட்டுவிட்டார். டிரைவரும் உற்சாகமாகப் பதில் சொல்ல ஆரம்பித்து, இருவரும் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றதில், உள்ளே இருந்தவர் புறப்பட இருபது நிமிஷம் தாமதமானது.

அவருடைய வண்டி நான்கு கதவும் பின் சீட்டும் உள்ள டீசல் பிக்கப். பின்னால் ஒரு கொக்கி, கொக்கியில் டிரெய்லர், டிரெய்லரில் ஒரு படகு. விடியற்காலையில் படகுத்துறைக்குப் போய்ப் பழுதான படகுகளை இழுத்து வருவார். ஒன்பதரைக்குத் திரும்பினால், பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை வீட்டு முன்னாலிருக்கும் பட்டறையில் மோட்டார் வேலை. சாப்பிட்டுவிட்டு, சரியான படகுகளைத் திரும்பக் கொண்டுபோய் விடுவார். போகிற வழியில் ஒரு மேடு உண்டு. புது வண்டிகளே பெருமூச்சு விடும் மேடு அது. இவருடைய கிழவன் மூன்றாவது கியரிலேயே ஏறிவிடும்.

இன்றுவரை அந்த எஞ்சினைத் திறந்ததில்லை. கிளட்ச் ஒரே ஒரு தடவை மாற்றியது. டர்போ கம்பெனியிலிருந்து வந்ததுதான். மீட்டரில் நாலு லட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரத்து எண்ணூறு. அவருக்கு வாழ்க்கையில் மிச்சமிருந்த ஒரே ஆசை, எஞ்சினைத் திறக்காமல் ஐந்து லட்சத்தைத் தொட வேண்டும். அந்த ஐந்தும், பின்னால் வரிசையாக நிற்கும் ஐந்து பூஜ்யமும் மீட்டரில் வருகிற நேரத்தில் பக்கத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். போட்டோவுக்குப் போட்டுக்கொள்ளச் சட்டைகூடத் தனியாக எடுத்து வைத்திருந்தார்.

அவர் மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்தப் பிக்கப்புக்கு அவள் வைத்திருந்த பெயர் சக்களத்தி. "சக்களத்தியைக் கழுவி விட்டாச்சா? அவ சாப்பிட்டாளா? அப்ப நம்ம சாப்பிடலாம்" என்பாள். ஒரு மாசத்துக்கு முன்னால் அவளை நைட் டியூட்டிக்கு மாற்றிவிட்டார்கள். காலையில் ஒன்பதரை மணிக்கு வந்து படுத்தால், பத்து மணிக்கு இவர் தண்ணீர் டிரம்மில் படகு மோட்டாரை மாட்டி ஓடவிடுவார். வீட்டு ஜன்னல் கண்ணாடியெல்லாம் சேர்ந்து ஆடும். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, கண்ணெல்லாம் சிவந்து வந்து நின்று முறையிட்டாள். மைலேஜ் அப்போது நோட்டில் வகுத்தல் போட்டுக்கொண்டிருந்தார். எங்கேயாவது சத்தம் இல்லாத இடமாகப் பார்த்துப் படுத்துக்கொள் என்று, தலையைத் தூக்காமலேயே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவள் புகார் சொல்லவில்லை. பழகிவிட்டது போலிருக்கிறது என்று அவரும் நினைத்துக்கொண்டார்.

இப்போது அவருக்கு இருந்த கவலையே வேறு. ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் எங்கே போகிறது?

அன்று ராத்திரி படுத்தவருக்குப் பளிச்சென்று விடை கிடைத்தது. திருட்டு. வண்டி பட்டறைக்கு வெளியே, மதிலுக்கு அந்தப் பக்கம் ரோட்டோரமாக நிற்கிறது. ரப்பர் குழாய் ஒன்றிருந்தால் எவன் வேண்டுமானாலும் உறிஞ்சிக்கொண்டு போகலாம். விடிந்ததும் முதல் வேலையாக டாங்க் மூடிக்குப் பூட்டு வாங்கினார். வண்டியை ரோட்டோரத்திலிருந்து எடுத்து, வீட்டுக்குப் பின்புறம், பக்கத்துச் சந்து வழியாக மட்டுமே போகக்கூடிய தோட்டத்தின் கடைக்கோடியில், மரத்தடியில் கொண்டுபோய் நிறுத்தினார். அந்த இடத்தில் பட்டறைச் சத்தம்கூடப் பாதிதான் கேட்கும். எந்தத் திருடனுக்கும் அங்கே ஒரு வண்டி நிற்பதே தெரியாது.

வெற்றிக் களிப்போடு அடுத்த நாள் சாயங்காலம் பங்க்குக்குப் போனார். ஒன்பது புள்ளி நாலு.

"என்ன சார், முகம் இப்படிப் போயிடுச்சு?" என்றாள் டீசல் போடும் பெண்.

"குறைஞ்சுடுச்சும்மா."

"யாருக்கு, சுகரா?"

டீசல் மேஸ்திரியிடம் ஓடினார். அந்த வட்டாரத்தில் டீசல் எஞ்சின் என்றால் மேஸ்திரிதான். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சினிலும் பிடியைக் காதிலும் வைத்து, கண்ணை மூடி அரை மணி நேரம் கேட்பார். அன்றும் கேட்டார். மைலேஜ் மூச்சுக்கூட விடாமல் நின்றார். மேஸ்திரி கண்ணைத் திறந்து, எஞ்சினில் ஒரு குறையும் இல்லை, தன் பிள்ளைகளைவிடச் சொன்ன பேச்சைக் கேட்கிறது என்று தீர்ப்புச் சொன்னார். வேண்டுமானால் எஞ்சின் உட்கார்ந்திருக்கும் மவுண்டிங் ரப்பர்கள் கொஞ்சம் தேய்ந்திருக்கின்றன, அதனால் நின்றபடி ஓடும்போது ஆட்டம் இருக்கிறது, அதற்கும் மைலேஜுக்கும் சம்பந்தமில்லை என்றார்.

சம்பந்தமில்லாததற்கு எதற்குச் செலவு என்று மைலேஜ் அதை விட்டுவிடத்தான் இருந்தார். ஆனால் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் இதைச் சொன்னபோது, அவர் மனைவி பரிமாறுவதை நிறுத்திவிட்டாள்.

"மாத்திடுங்க. ஆட்டம் ரொம்ப இருக்கு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்க இடுப்பு சொல்லுதே. நாள் முழுக்க அதுல உட்கார்ந்து குலுங்கிட்டு வர்றீங்க. நாளைக்கே மாத்திடுங்க."

மைலேஜ் பூரித்துப்போனார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வண்டிக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவள். சக்களத்தியை ஏற்றுக்கொண்டுவிட்டாள். அன்றைக்கே மவுண்டிங் மாற்றினார். எஞ்சின் ஓடும்போது பானெட்டின்மேல் ஒரு நாணயத்தை விளிம்பில் நிற்க வைத்தார் மேஸ்திரி. நின்றது. தொட்டில்கூட இத்தனை மென்மையாக இருக்காது என்று மேஸ்திரியே மெச்சிக்கொண்டார்.

எட்டு புள்ளி ஒன்பது.

இதற்குள் விஷயம் மச்சினன் காதுக்குப் போய்விட்டது. மைலேஜின் மனைவிக்குத் தம்பி. உதிரிபாகக் கடை வைத்திருப்பவன். எந்த வண்டிக்கு எந்த நோய் வந்தாலும், அதற்கான மருந்து அவன் கடையில் ஏற்கெனவே வந்து இறங்கியிருக்கும். ஏசி கம்ப்ரசர்தான் எஞ்சினைப் பிடித்து இழுக்கிறது, கேஸ் குறைந்தால் அது ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கும், வண்டி வெயிலில் கொதிப்பதால் இன்னும் மோசம் என்று படம் போட்டு விளக்கினான். மைலேஜ் உடனே பரபரவென்று இறங்கினார். ஏசிக்கு முழுதாகக் கேஸ் ஏற்றினார். கண்ணாடிகளுக்கெல்லாம் கறுப்பு ஃபிலிம் ஒட்டினார். தோட்டத்து மரத்தடியில் நான்கு கம்பம் நட்டுத் தகரக் கூரை போட்டார். அதற்கப்புறம் பட்டப்பகலிலும் அந்த வண்டிக்குள் எட்டிப் பார்த்தால் உள்ளே கும்மிருட்டு. ஏசியைப் போட்டால் ஐந்து நிமிஷத்தில் பல் கிட்டியது.

போட்டுப் பார்த்தது அந்த ஒரு தடவைதான். டீசலை மிச்சம் பிடிக்க வேண்டும் என்று, தான் ஓட்டும்போது ஏசியைத் தொடக்கூடாது என ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். தோளில் ஒரு துண்டைப் போட்டு, முகத்தைத் துடைத்துத் துடைத்து ஓட்டினார். ஐம்பதுக்கு மேல் வேகம் போகவில்லை. ஆக்சிலேட்டரை நோகாமல் அமுக்க வேண்டும் என்று செருப்பைக் கழற்றி வைத்து வெறுங்காலால் ஓட்டினார். சைக்கிளில் போன தபால்காரர் அவரைத் தாண்டிப் போகும்போது கையசைத்துவிட்டுப் போனார்.

எட்டு புள்ளி மூன்று.

எடையைக் குறைக்கலாம் என்று ஸ்டெப்னியைக் கழற்றி வீட்டில் வைத்தார். மூன்றாம் நாள் படகோடு மேட்டில் ஏறும்போது டயர் பஞ்சர். ரோடு இரண்டு பக்கமும் நின்றுபோனது. பஸ்ஸிலிருந்தவர்களெல்லாம் இறங்கி வந்து, மலையேறி வந்த படகைச் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மச்சினன் ஸ்டெப்னியைக் கொண்டுவர இரண்டு மணி நேரம். அதுவரை சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, வண்டி பின்னால் உருளாமல் இருக்கத் தன் முதுகையும் கொடுத்து நின்றார் மைலேஜ்.

வீட்டுக்கு வந்து, சாப்பிடக்கூடப் போகாமல் நேராக அந்த வாரத்துக் கணக்கைப் பார்த்தார். ஏழு புள்ளி எட்டு.

அவர் மனைவியோ இதற்கிடையில் தளதளவென்று ஆகிவிட்டாள். கண்ணின் சிவப்பெல்லாம் போய், முகத்தில் ஒரு களை வந்திருந்தது. சமையல்கட்டில் பாட்டு வேறு முணுமுணுத்தாள். நைட் டியூட்டி சிலருக்கு ஒத்துக்கொள்ளும் போலிருக்கிறது என்று மைலேஜ் நினைத்தார். அவர் உடம்புதான் இளைத்துக்கொண்டே போனது.

ஒருநாள் ஒரு மணிக்கு மோட்டாரை நிறுத்திவிட்டு, மனது கேட்காமல் தோட்டத்துப் பக்கம் போனார். வண்டிக்கு அடியில் ஈரம். மண்டி போட்டு, விரலால் தொட்டு, முகர்ந்து, நாக்கிலும் வைத்துப் பார்த்தார். தண்ணீர். பானெட்டில் கை வைத்தார். சுடுகிறது. ஒன்பதரைக்கு நிறுத்திய எஞ்சின், ஒரு மணிக்கும் சூடு ஆறவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதைப் போல நான்கு இடத்தில் தொட்டுப் பார்த்துவிட்டு மச்சினனுக்குப் போன் போட்டார்.

மச்சினன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். ரேடியேட்டர் ஒழுகுகிறது, அதனால் எஞ்சினுக்குள்ளே சூடு தங்குகிறது, சூடு தங்கினால் டீசலைக் குடிக்கத்தான் செய்யும் என்றான். அவன் கடையில் அந்த வண்டிக்கேற்ற ரேடியேட்டர் ஒன்றே ஒன்று பாக்கியிருந்தது. மாற்றினார்கள். கூடவே, டீசல் குழாயில் மாட்டினால் டீசல் துளித்துளியாகப் பிரிந்து முழுசாக எரியும் என்று சொல்லி ஒரு காந்தத்தையும் தலையில் கட்டினான். மேஸ்திரி அந்தக் காந்தத்தைப் பார்த்துவிட்டு, அதைப் பட்டறைச் சுவரில் ஒட்டினால் ஸ்பானர் மாட்டவாவது உதவும் என்றார்.

ஆனால் அதிசயம் நடந்தது. காந்தம் மாட்டிய மறுநாள் கணக்குப் போட்டவர் பங்க்கிலேயே ஒரு கூவல் கூவினார். பதினொன்று. பதினொன்று புள்ளி பூஜ்யம்.

"பழைய பையன் திரும்பி வந்துட்டாம்மா" என்று டீசல் போடும் பெண்ணின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். அவளுக்கும் சந்தோஷம்தான், இனிமேலாவது வரிசை நகரும். அடுத்த நாளும் பதினொன்று. மூன்றாவது நாள் பதினொன்று புள்ளி ஒன்று. சொல்லி மகிழ வீட்டில் ஆளில்லை. மனைவி தன் அக்கா வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தாள். அதனால் துறையிலிருந்த படகுக்காரர்கள் அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்து, காந்தத்தின் மகிமையைச் சொல்லித் தீர்த்தார். மச்சினனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். மச்சினனுக்கே தன் சரக்கின்மேல் புதிதாக மரியாதை வந்து, அந்த மூன்று நாளில் பதினேழு காந்தம் விற்றான்.

நான்காம் நாள் காலையில் மனைவி ஊரிலிருந்து வந்து இறங்கியதும் நோட்டை விரித்துக் காட்டினார். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, பயணக் களைப்பு, கொஞ்சம் படுக்கிறேன் என்று அவள் போய்விட்டாள். அன்று சாயங்காலம் பங்க்கில் எடுத்த கணக்கை மைலேஜால் நம்ப முடியவில்லை. ஏழு புள்ளி நாலு.

அதோடு மனிதர் உடைந்துபோனார். ஒரேயடியாக இறங்கியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். நம்ப வைத்துக் கழுத்தறுத்ததைத்தான் தாங்க முடியவில்லை.

மச்சினன் அன்று வியாபாரம் பேசவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கை போட்டு, உண்மையான அக்கறையோடு சொன்னான்.

"அத்தான், அணையப்போற விளக்கு அப்படித்தான் மூணு நாள் பிரகாசமா எரியும். உள்ளுக்குள்ள தேயுது. வெளிய தெரியாது. ஒருநாள் படகோட அந்த மேட்டுல ஏறுறப்ப நின்னுடும். அன்னைக்குப் பஞ்சர். கல்லு வச்சு சமாளிச்சீங்க. இதுக்கு எந்தக் கல்லை வைப்பீங்க?"

மைலேஜ் அன்றிரவு முழுக்கப் புரண்டுகொண்டே கிடந்தார். கண்ணை மூடினால் படகும் வண்டியுமாக மேட்டிலிருந்து பின்னோக்கி உருண்டு வந்தன. மீட்டரில் நாலு லட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரத்து நூறு. இன்னும் தொள்ளாயிரம் கிலோமீட்டர், சரியாகப் பத்து நாள். அந்தப் பத்து நாளில் யாராவது அடிபட்டுச் செத்தால்? ஒரு போட்டோவுக்காகவா? விடியும்போது முடிவெடுத்துவிட்டார். விற்றுவிட வேண்டும்.

மனைவியிடம் சொல்லவில்லை. சக்களத்தி ஒழிந்தாள் என்று அவளே எத்தனை தடவை கனவு கண்டிருப்பாள்! பழையதை அனுப்பிவிட்டுப் புதியதை வாசலில் நிறுத்தி, அவள் கையால் முதல் சாவியைப் போட வைக்கலாம் என்று மச்சினனும் அவருமாகத் திட்டம் போட்டார்கள்.

வாங்க வந்தவர் ஒரு தேனீக்காரர். தேனீப் பெட்டிகளை டிரெய்லரில் அடுக்கி, பூக்கிற தோட்டம் தோட்டமாக இழுத்துக்கொண்டு போகிறவர். தேனீக்களோடு பழகிப் பழகி, அவர் பேசுவதே காதில் ரகசியம் சொல்வது மாதிரி இருக்கும். ஒரு சாயங்காலம், நர்ஸம்மா டியூட்டிக்குப் போனபிறகு வந்தார். படகோடு டிரெய்லரை மாட்டி மேட்டில் ஏற்றிக் காட்டினார் மைலேஜ். வண்டி அலுங்காமல் குலுங்காமல் ஏறியது.

மேட்டின் உச்சியில் வண்டியை நிறுத்தி, உள்ளதைச் சொல்லிவிட்டார். பொய் சொல்லி விற்க மாட்டேன், இப்போதெல்லாம் ஏழரைதான் கொடுக்கிறது, எஞ்சின் உள்ளுக்குள் தேய்கிறதாம் என்றார்.

தேனீக்காரர் சற்று நேரம் எஞ்சின் ஓடுவதைக் கேட்டார்.

"என் பொண்ணுங்களுக்குக் குலுக்கல் ஆகாதுண்ணே. ஒரு பள்ளத்துல விட்டா அத்தனையும் கோவத்துல வெளிய வந்துடும். இது தூளி மாதிரி போகுது. எனக்கு இது போதும்."

விலை அங்கேயே முடிந்தது. மறுநாள் காலை பதினொரு மணிக்கு வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

மறுநாள் ஒன்பதரைக்கு வண்டியைத் தகரக் கூரைக்கடியில் கடைசியாக நிறுத்தினார் மைலேஜ். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். படகில் கீறல் விழாமல் இருக்கச் சுற்றுகிற பழைய போர்வைகள் பின் சீட்டில் எப்போதும்போல் குவிந்து கிடந்தன. அவற்றை எடுக்க மனம் வரவில்லை. இறங்கி, கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பட்டறைக்கு நடந்தார். வழியில் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஏன் கண் கலங்கியிருக்கிறது என்று கேட்டாள். கிரீஸ் பட்டுவிட்டது என்றார். அவள் கொட்டாவி விட்டபடி உள்ளே போனாள்.

பதினொரு மணிக்குத் தேனீக்காரர் பட்டறைக்கு வந்தார். மைலேஜ் டிரம்மில் மூன்று மோட்டாரை மாட்டி, மூன்றையும் ஓடவிட்டுக்கொண்டிருந்தார். காதில் காதுமூடி. அதைக் கழற்றிவிட்டுக் காகிதங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இன்னொரு சாவியும் உண்டு, எடுத்துத் தருகிறேன் என்று வீட்டுக்குள் போனார். மாட்டுகிற ஆணியில் சாவி இல்லை. படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. நைட் டியூட்டி பார்த்துவிட்டுத் தூங்குகிறவளை ஒரு சாவிக்காக எழுப்புவது பாவம். அடியெடுத்து வைக்கும் சத்தம்கூடக் கேட்காமல் திரும்பி வந்து, தன் சாவியை மட்டும் தேனீக்காரர் கையில் கொடுத்தார்.

"அந்தச் சாவியை நாளைக்கு அனுப்பி வைக்கிறேன். வீட்டம்மா தூங்குறாங்க. அப்புறம், பின் சீட்டுல இருக்கிறதெல்லாம் வண்டியோட சேர்த்திதான். நீங்களே எடுத்துக்கோங்க. எனக்கு இனிமே எதுக்கு?"

தேனீக்காரர் பெரிய மனதென்று கும்பிட்டார். "வந்து ஒரு தடவை பார்த்துக்கிறீங்களாண்ணே?"

"வேண்டாம். நீங்களே சந்து வழியா எடுத்துட்டுப் போயிடுங்க. என்னால பார்க்க முடியாது."

காதுமூடியை மறுபடி மாட்டிக்கொண்டு, மூன்று மோட்டாரையும் முழு வேகத்தில் முடுக்கினார். டிரம் தண்ணீர் கூரைவரை தெறித்தது. ஜன்னல்கள் ஆடின. வண்டி வெளியே போகிற சத்தம் காதில் விழவே கூடாது. விழவுமில்லை. முகமெல்லாம் தண்ணீர். அதில் டிரம் தண்ணீர் எது, தன்னுடையது எது என்று அவருக்கே தெரியவில்லை.

பன்னிரண்டு மணி வாக்கில் மோட்டார்களை நிறுத்திவிட்டு ஒரு பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். சட்டைப் பையில் ஏதோ குத்தியது. மைலேஜ் நோட்டு. பதினான்கு வருஷக் கணக்கு. புரட்டினார். பதினொன்று, பதினொன்று, பதினொன்று புள்ளி இரண்டு, பதினொன்று. பக்கம் பக்கமாகப் பதினொன்று. இன்னும் சில நூறு கிலோமீட்டர் மட்டும் பொறுத்திருக்கக் கூடாதா என்று முதல்முறையாக அந்த வண்டிமேல் கோபம் வந்தது. அந்தக் கோபமும் ஒரு நிமிஷத்துக்கு மேல் நிற்கவில்லை.

போன் அடித்தது. தேனீக்காரர்.

வழக்கமாகவே ரகசியம் பேசுகிறவர், இப்போது அதிலும் பாதிக் குரலில் பேசினார். வண்டி பிரமாதம் என்றார். நாற்பது கிலோமீட்டர் வந்தாயிற்று, டீசல் முள் அசையவே இல்லை, லிட்டருக்குப் பதினொன்றுக்குக் குறையாமல் கொடுக்கும் போலிருக்கிறது என்றார். மைலேஜ் எழுந்து நின்றுவிட்டார்.

"அது மட்டுமில்லண்ணே. எனக்காக நீங்க வண்டியை ஸ்டார்ட் பண்ணி, ஏசியும் போட்டு, உள்ள குளுகுளுன்னு தயாரா வச்சிருக்கீங்கன்னுதான் நினைச்சேன். நீங்க கொடுத்த சாவிக்கு வேலையே இல்ல. இந்தக் காலத்துல எந்த மனுஷன் அப்படிச் செய்வான்?"

"நான் ஸ்டார்ட் பண்ணலையே" என்றார் மைலேஜ்.

மறுமுனையில் ஏசி ஓடுகிற மெல்லிய இரைச்சல் கேட்டது. பிறகு தேனீக்காரரின் குரல் இன்னும் தாழ்ந்து வந்தது.

"அண்ணே, சத்தமாப் பேச முடியல, மன்னிச்சுக்கோங்க. பின் சீட்டுல இருக்கிறதெல்லாம் வண்டியோட சேர்த்தின்னு சொன்னீங்கல்ல, அதுல ஒரு போர்வைக்குள்ள நர்ஸ் டிரெஸ்ஸுல ஒரு அம்மா இருக்காங்க. எழுப்பினா, 'மூணு மாசமா தினமும் பத்து மணியிலேருந்து ஒரு மணி வரைக்கும் வண்டியை ஓடவிட்டு, ஏசியைப் போட்டுட்டு இங்கதான் தூங்குறேன், ஒருத்தர் எழுப்பினதில்ல, நீங்க யாரு புதுசா'ன்னு என்னையே கேட்டுட்டுத் திரும்பிப் படுத்துட்டாங்க. நான் வண்டியைத் திருப்பிட்டேண்ணே."